தலைக்கணக்கும் சமரசமும்: காக்கசஸ் நடுவர்களுக்கு ஒரு திறந்த மடல்

காக்கசஸ் மலைநாட்டின் இனப் பிணக்குகளில் நடுவர்களாக இருந்தவர்களுக்கும், இப்போது அப்காசியா, தெற்கு ஒசேத்தியா பற்றிய ஜெனீவாப் பேச்சில் அப்பொறுப்பை வகிப்பவர்களுக்கும், இனி அமர்த்தப்பட இருப்பவர்களுக்கும்,

ஐரோப்பியப் பாதுகாப்பு ஒத்துழைப்பு அமைப்பின் உறுப்பு நாடுகள் 2025 செப்டம்பர் 1 அன்று மின்ஸ்க் குழுவைக் கலைக்க முடிவெடுத்தன. ஆர்மீனியரும் அஜர்பைஜானியரும் பிணங்கிய நகோர்னோ-கராபாக்கின் சிக்கலைத் தீர்ப்பதற்கென 1992-இல் தோன்றி, 1997 முதல் ரஷ்யா, பிரான்ஸ், அமெரிக்கா ஆகிய மூன்று நாடுகளின் இணைத்தலைமையில் இயங்கிவந்த அக்குழு, மின்ஸ்க் நகரில் கூடவிருந்த ஒரு மாநாட்டின் பெயரைத் தாங்கியிருந்தது. அம்மாநாடு கடைசிவரை கூடவேயில்லை. குழு கலைக்கப்பட்டபோது அது பேசித் தீர்க்க வேண்டிய கராபாக்கில் ஆர்மீனியர் ஏறத்தாழ எவரும் எஞ்சியிருக்கவில்லை. அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்னரே அங்கிருந்த அஜர்பைஜானியர் அனைவரும் வெளியேற்றப்பட்டிருந்தனர். ஒரு நிலத்தைப் பற்றி ஒரு தலைமுறைக் காலம் பேச்சு நடந்து முடிவதற்குள் அந்நிலத்தின் இரு மக்களும், ஒருவர் பின் ஒருவராக, அங்கிருந்து அகற்றப்பட்டுவிட்டனர் என்பதே அந்தப் பேச்சைப் பற்றிச் சொல்லத்தக்க முதன்மையான உண்மையாகும்.

நடுவர்கள் சோம்பியிருந்தனர் என்றோ ஒருதலைச் சார்பாக நடந்தனர் என்றோ குற்றஞ்சாட்டுவது இம்மடலின் நோக்கமன்று. அவ்விரு குற்றச்சாட்டுகளும் அஜர்பைஜானின் பாக்குவிலும் ஆர்மீனியாவின் யெரெவானிலும் ஜார்ஜியாவின் திபிலிசியிலும் அப்காசியாவின் சுகுமியிலும் போதிய அளவுக்கு எழுதப்பட்டுவிட்டன. நிலத்தின் அரசியல் தகுதி எது என்ற கேள்வியை முதலாவதாகவும், அந்நிலத்தில் யார் வாழலாம் என்ற கேள்வியைக் கடைசியாகவும் வைத்த வரிசைமுறையே மக்களை அகற்றுவதை ஆதாயமுள்ள செயலாக்கியது என்பதும், அந்த வரிசை ஜெனீவாவில் இன்றும் மாறவில்லை என்பதுமே இம்மடலின் வாதம்.

கருங்கடலுக்கும் காஸ்பியன் கடலுக்கும் இடைப்பட்ட இம்மலைநாட்டின் தென்பகுதியில், சோவியத் ஒன்றியம் குலைந்தபோது, அப்காசியா, தெற்கு ஒசேத்தியா, நகோர்னோ-கராபாக் என மூன்று அங்கீகரிக்கப்படாத அரசுகள் தோன்றின. தனக்கென ஆட்சியும் படையும் நீதிமன்றமும் தபால்தலையும் வைத்திருந்தும், பிற நாடுகள் பெரும்பாலும் தம்மில் ஒன்றாக ஏற்க மறுக்கும் அமைப்பையே அங்கீகரிக்கப்படாத அரசு என்ற சொல் குறிக்கிறது. ஓர் அரசுக்கு நிலையான மக்கள்தொகை, வரையறுத்த நிலப்பரப்பு, ஆட்சி, பிற அரசுகளோடு உறவுகொள்ளும் திறன் ஆகிய நான்கும் வேண்டும் என்று 1933-இன் மாண்டிவிடியோ உடன்படிக்கை கூறுகிறது. அப்பட்டியலில் முதலாவதாக நிற்பது மக்கள்தொகை. காக்கசஸில் முதலில் மாற்றியமைக்கப்பட்டதும் அதுவே.

மக்களின் எண்ணிக்கைக்கு இத்தனை எடை வந்ததன் காரணத்தை அறியச் சோவியத் ஆட்சியின் கட்டமைப்பைப் பார்க்க வேண்டும். அவ்வாட்சி இனங்களுக்கு நிலத்தைப் படிநிலைப்படுத்திப் பகிர்ந்தது: மேல்படியில் ஒன்றியக் குடியரசுகள், அவற்றுக்குள் தன்னாட்சிக் குடியரசுகள், அதற்கும் கீழே தன்னாட்சி மாவட்டங்கள். ஒவ்வோர் அலகும் ஓர் இனத்தின் பெயரோடு பிணைக்கப்பட்டது; பெயருக்குரிய அந்த இனத்துக்கே பதவிகளிலும் பல்கலைக்கழக இடங்களிலும் பதிப்பகங்களிலும் முன்னுரிமை கிடைத்தது. மலைநாடு முழுவதும் ஊர்கள் கலந்து கிடந்தபோது இவ்வேற்பாடு எல்லைகளை மட்டும் பிரித்து வைத்தது. 1989 கணக்கெடுப்பின்படி ஜார்ஜியாவில் வாழ்ந்த சுமார் 1,64,000 ஒசேத்தியரில் ஏறத்தாழ 65,000 பேர் மட்டுமே தெற்கு ஒசேத்திய மாவட்டத்துக்குள் இருந்தனர். மீதிப் பெரும்பான்மையினர் திபிலிசியிலும் கோரியிலும் பிற ஊர்களிலும் ஜார்ஜியரோடு கலந்து வாழ்ந்தவர்கள். மாஸ்கோவின் பிடி இறுக்கமாக இருந்தவரை இந்தப் பொருத்தமின்மை பெரிய தீங்கு செய்யவில்லை. பிடி தளர்ந்ததும், பெயருக்குரிய இனம் தன் நிலத்தில் எத்தனை விழுக்காடு என்ற கணக்கே ஒவ்வொரு மேடையிலும் முதல் வாதமாயிற்று.

அப்காசியாவின் வரலாற்றைச் சற்று விரிவாகவே நோக்க வேண்டும்; ஏனெனில் தலைக்கணக்கின் அச்சம் அங்கேதான் மிகப் பழமையானதும் மிக நியாயமானதும் ஆகும். 1864-இல் ரஷ்யப் பேரரசு காக்கசஸ் போரை முடித்ததை ஒட்டியும், 1877-78 ரஷ்ய-துருக்கியப் போரை ஒட்டியும், அப்காசியரில் பெரும்பகுதியினர் துருக்கிய ஒட்டோமான் பேரரசுக்குத் துரத்தப்பட்டனர். காலியான கடலோர ஊர்களில் மேற்கு ஜார்ஜிய மிங்ரேலியரும் ஆர்மீனியரும் ரஷ்யரும் கிரேக்கரும் குடியேறினர். 1921-இல் தனிச் சோவியத் குடியரசாகத் தொடங்கிய அப்காசியா, 1931-இல் ஜார்ஜியாவுக்குள் ஒரு தன்னாட்சிக் குடியரசாகத் தாழ்த்தப்பட்டது. அப்காசியத் தலைவர் நெஸ்தர் லகோபா 1936 டிசம்பரில் திபிலிசியில் ஜார்ஜியக் கட்சித் தலைவர் லவ்ரென்தி பெரியாவோடு விருந்துண்ட பின் இறந்தார். அடுத்த பத்தாண்டுகளில் மேற்கு ஜார்ஜியாவிலிருந்து திட்டமிட்ட குடியேற்றம் நடந்தது. 1940-களின் நடுவில் அப்காசிய மொழிப் பள்ளிகள் மூடப்பட்டன. இவற்றின் விளைவாக 1989-இல் அப்காசியாவின் 5,25,000 பேரில் ஜார்ஜியர் 45.7 விழுக்காடும் அப்காசியர் 17.8 விழுக்காடுமாக இருந்தனர். தன் பெயரைத் தாங்கிய நிலத்தில் ஆறில் ஒரு பங்குக்குச் சற்றே மேலாக நின்ற மக்களிடம் பெரும்பான்மை ஆட்சியே மக்களாட்சி என்று திபிலிசியின் தேசியவாதிகள் விளக்கியபோது, அவ்விளக்கம் அவர்களின் காதில் எவ்வாறு விழுந்திருக்கும் என்பதை ஊகிப்பது கடினமன்று.

ஆயினும் அப்காசியாவில் வேறொரு வழி தேடப்பட்டது. 1991-இல், ஜார்ஜியாவின் தீவிரத் தேசியவாதத் தலைவர் என்று அறியப்பட்ட ஸ்வியாத் கம்சகுர்தியாவின் ஆட்சியிலேயே, அப்காசிய உச்ச மன்றத்தின் 65 இடங்களை அப்காசியருக்கு 28, ஜார்ஜியருக்கு 26, ஏனையோருக்கு 11 எனப் பகிரும் உடன்பாடு எட்டப்பட்டது. எண்ணிக்கையில் சிறிய மக்களுக்கு மன்றத்தில் பெரிய பங்கு; முக்கியச் சட்டங்களுக்கு மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும் என்பதால் எத்தரப்பும் மற்றதைப் புறக்கணிக்க இயலாத நிலை. இவ்வேற்பாடு ஓராண்டு கூட நிம்மதியாக நடக்கவில்லை. இரு தரப்பும் பதினோரு பேரைத் தம் பக்கம் இழுப்பதில் முனைந்தன, ஜார்ஜிய உறுப்பினர்கள் மன்றத்தைப் புறக்கணித்தனர். 1992 ஆகஸ்ட் 14 அன்று தெங்கிஸ் கித்தோவானியின் ஜார்ஜியத் தேசியக் காவற்படை சுகுமிக்குள் நுழைந்ததோடு அது அழிந்தது. குறைகள் பல இருந்தபோதிலும், தலை எண்ணிக்கையையும் அதிகாரத்தையும் தனித்தனியே பிரித்துவைக்கச் சோவியத்துக்குப் பிந்தைய காக்கசஸில் செய்யப்பட்ட அருமையான முயற்சி அது. அதன் தோல்விக்கான காரணங்களை ஆராய்ந்து திருத்துவதற்கு நடுவர்கள் செலவிட்ட நேரம் மிகக் குறைவு என்று கருத இடமுண்டு.

பதின்மூன்று மாதப் போரின் முடிவை நடுவர்கள் நன்கறிவர். 1993 ஜூலையில் ரஷ்யாவின் முயற்சியால் போர்நிறுத்தம் ஏற்பட்டது. அதன்படி ஜார்ஜியத் தரப்பு கனரக ஆயுதங்களை விலக்கிக்கொண்டது. செப்டம்பரில் அப்காசியத் தரப்பு தாக்கியது. 27-ஆம் தேதி சுகுமி வீழ்ந்தது. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜார்ஜியர் எல்லையிலுள்ள இங்குரி ஆற்றைக் கடந்தும், பனிபடர்ந்த ஸ்வனேத்தி மலைவழிகளில் நடந்தும் வெளியேறினர். வழியில் குளிரில் மடிந்தோரும் உண்டு. 1994 ஏப்ரல் 4 அன்று ரஷ்யாவும் ஐ.நா. அகதிகள் ஆணையமும் இரு தரப்பினரோடு சேர்ந்து அகதிகள் திரும்புவதற்கான உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. அதன்படி முறையாகத் திரும்பியோர் சில நூறு பேரே. எல்லையோரக் கலி மாவட்டத்துக்கு மட்டும் பல்லாயிரம் பேர் தாமாகவே, எவருடைய உத்தரவாதமும் இன்றித் திரும்பினர். அப்காசியா 2011-இல் நடத்திய கணக்கெடுப்பு 2,40,705 மக்களையும் அவர்களுள் அப்காசியர் 50.7 விழுக்காடு என்பதையும் காட்டியது. அந்தப் புள்ளிவிவரத்தை ஜார்ஜியா ஏற்கவில்லை. எனினும் பாதிக்குச் சற்று மேலான அந்தப் பெரும்பான்மை, கணக்கெடுத்தவர்கள் எதைச் சொல்ல விரும்பினார்களோ அதைச் சொல்லிவிட்டது. மொத்த மக்கள்தொகையில் பாதிக்கு மேல் காணாமற்போனதால் கிடைத்த பெரும்பான்மை அது.

கலி மாவட்டத்துக்குத் திரும்பிய ஜார்ஜியரின் நிலை இக்கணக்கு எவ்வளவு உயிரோடு இருக்கிறது என்பதைக் காட்டும். அவர்களுக்கு அப்காசியக் கடவுச்சீட்டுகள் வழங்கியது 2014-இல் அதிபர் அலெக்சாந்தர் அங்குவாப் பதவி இழந்ததற்கு ஒரு முதன்மைக் காரணமாயிற்று. அவ்வாண்டின் தேர்தலுக்கு முன் அம்மக்களில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டனர். கீழ்க் கலியின் பள்ளிகளில் ஜார்ஜிய மொழிவழிக் கல்வி படிப்படியாக ரஷ்ய மொழிக்கு மாற்றப்பட்டது. நிலத்தில் வேளாண்மை செய்யலாம், ஹேசல் கொட்டை விற்கலாம், வரி செலுத்தலாம், எண்ணப்படக் கூடாது. அதிபர் அப்காசிய இனத்தவராகவே இருக்க வேண்டும் என்று அரசமைப்பே கூறும் ஒரு நாட்டில் இந்த அச்சம் வியப்புக்குரியதன்று.

கராபாக்கில் இதே கணக்கு வேறு வடிவம் எடுத்தது. 1921 ஜூலையில் போல்ஷெவிக் கட்சியின் காக்கசஸ் பணியகம் அம்மலைப்பகுதியை அஜர்பைஜானுக்குள் வைக்கத் தீர்மானித்தது. 1923-இல் அது தன்னாட்சி மாவட்டமாயிற்று. அதில் ஆர்மீனியரின் பங்கு 1926-இல் சுமார் 89 விழுக்காடாக இருந்து 1989-இல் 76.9 விழுக்காடாக இறங்கியது. அஜர்பைஜானின் மற்றொரு பகுதியான நகிச்செவானில் ஆர்மீனியர் ஏறத்தாழ அற்றுப்போயிருந்தமையால், அந்த இறக்கத்தை யெரெவானும் கராபாக்கின் தலைநகர் ஸ்டெபனாகெர்ட்டும் ஒரு முன்னறிவிப்பாகவே படித்தன. 1988 பிப்ரவரி 20 அன்று மாவட்ட மன்றம் ஆர்மீனியாவோடு இணைக்கக் கோரியது. ஒரு வாரத்துக்குள் காஸ்பியன் கரையிலுள்ள சும்கயித்தில் ஆர்மீனியர் மீது கொலைவெறித் தாக்குதல் நடந்தது. அடுத்த ஈராண்டுகளில் அஜர்பைஜானிலிருந்து ஆர்மீனியர் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோரும், ஆர்மீனியாவிலிருந்து அஜர்பைஜானியர் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோரும் வெளியேறினர். முழுப் போர் தொடங்குவதற்கு முன்னரே, கராபாக்கின் எல்லைகளுக்கு வெளியே, இரு குடியரசுகளும் பெருமளவு ஒற்றை இன நாடுகளாகிவிட்டன. இந்த முதல் வெளியேற்றம் நடுவர்களின் எந்தத் திட்டத்திலும் உரிய இடம் பெறவில்லை.

போரில் 1992 பிப்ரவரியில் கராபாக்கின் கோஜாலியில் அஜர்பைஜானியப் பொதுமக்கள் கொத்தாகக் கொல்லப்பட்டனர். 1993-இல் ஆர்மீனியப் படைகள் கல்பஜார், அக்தாம், பிசூலி எனக் கராபாக்கைச் சூழ்ந்த மாவட்டங்களை ஒவ்வொன்றாகக் கைப்பற்றின, ஐ.நா. பாதுகாப்பு மன்றம் அவ்வாண்டில் மட்டும் 822, 853, 874, 884 ஆகிய எண்களுள்ள நான்கு தீர்மானங்களை நிறைவேற்றியது. ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட அஜர்பைஜானியர் இருப்பிடம் இழந்து ரயில் பெட்டிகளிலும் கூடாரங்களிலும் பள்ளிக் கட்டடங்களிலும் ஆண்டுக்கணக்கில் கிடந்தனர். 1994 மே மாதப் போர்நிறுத்தத்துக்குப் பின், கராபாக்கைச் சூழ்ந்த ஏழு மாவட்டங்களும் யெரெவானின் பேரப்பொருளாயின. கராபாக்குக்கு ஏற்கத்தக்க அரசியல் தகுதி கிடைத்தால் மாவட்டங்கள் திரும்பக் கிடைக்கும். மாவட்டங்கள் திரும்பினால் மக்கள் திரும்பலாம். 2007-இல் மாட்ரித்தில் முன்வைக்கப்பட்ட அடிப்படைக் கோட்பாடுகள், இடம்பெயர்ந்தோர் அனைவரும் திரும்பும் உரிமையையும் கராபாக் மக்களின் எதிர்கால வாக்கெடுப்பையும் ஒரே ஆவணத்தில் சேர்த்தன. வாக்கெடுப்பில் யார் வாக்களிப்பர் என்ற கேள்வி திரும்புவோரின் எண்ணிக்கையையே சார்ந்திருந்ததால், ஒவ்வொரு குடும்பத்தின் வீடுதிரும்பலும் ஒரு வாக்காக எண்ணப்பட்டது. தன் எதிராளியின் வாக்குகளைத் தன் ஊருக்குள் விட எத்தரப்புதான் அவசரப்படும்?

ஸ்ட்ராஸ்பர்க்கிலுள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2015 ஜூன் 16 அன்று ஒரே நாளில் வழங்கிய இரண்டு தீர்ப்புகளை நடுவர்கள் மீண்டும் படிப்பது நல்லது. ஒரு வழக்கு லாச்சின் மாவட்டத்திலிருந்து துரத்தப்பட்டோர் ஆர்மீனியாவுக்கு எதிராகத் தொடுத்தது. மற்றது அஜர்பைஜானின் குலிஸ்தான் ஊரிலிருந்து வெளியேறிய ஓர் ஆர்மீனியர் அஜர்பைஜானுக்கு எதிராகத் தொடுத்தது. இரண்டிலும் நீதிமன்றம் உரைத்தது ஒன்றே: அமைதிப் பேச்சு நடந்துகொண்டிருக்கிறது என்பது, வீடும் நிலமும் இழந்தோருக்கு எதுவும் செய்யாமல் இருப்பதற்கு ஓர் அரசுக்குச் சாக்காகாது, பேச்சு முடியும்வரை காத்திராமல் சொத்துரிமைக் கோரிக்கைகளை ஆராயும் பொறிமுறை ஒன்றை நிறுவ வேண்டும். எதிரெதிர்த் தரப்பிலிருந்து வந்த இரு வழக்குகளில் ஒரே அளவுகோல் வைக்கப்பட்ட இவ்வரிய தருணத்தை மின்ஸ்க் குழு பற்றிக்கொண்டிருக்கலாம். இரு அரசுகளும் அதைப் புறக்கணித்தன. நடுவர்களும் அதைத் தம் திட்டத்தின் அச்சாக்கவில்லை.

பின்னர் நடந்தவை அண்மைக்கால நிகழ்வுகள். 2020 செப்டம்பர் 27-இல் தொடங்கிய நாற்பத்து நான்கு நாள் போரில் அஜர்பைஜான் இழந்தவற்றில் பெரும்பகுதியை மீட்டது. அப்போரை நிறுத்திய நவம்பர் அறிக்கையின் ஏழாவது கூறு, இடம்பெயர்ந்தோர் ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் கண்காணிப்பில் கராபாக்குக்கும் சுற்றுப்புற மாவட்டங்களுக்கும் திரும்புவர் என்றது. ரஷ்ய அமைதிப்படையினர் 1,960 பேர் நிறுத்தப்பட்டனர். 2022 டிசம்பர் 12 முதல் கராபாக்கையும் ஆர்மீனியாவையும் இணைக்கும் ஒரே சாலையான லாச்சின் வழி அடைக்கப்பட்டது. அடைப்பை நீக்குமாறு பன்னாட்டு நீதிமன்றம் 2023 பிப்ரவரியில் அஜர்பைஜானுக்கு ஆணையிட்டும் அது நீங்கவில்லை. அஜர்பைஜானின் 2023 செப்டம்பர் 19-20 தாக்குதலுக்குப் பின் ஒரு வாரத்துக்குச் சற்றுக் கூடிய காலத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆர்மீனியர் கார்களிலும் லாரிகளிலும் டிராக்டர்களிலும் வெளியேறினர். நகோர்னோ-கராபாக் குடியரசு 2024 ஜனவரி 1-ஆம் தேதியோடு இல்லாதொழிவதாக அதன் கடைசித் தலைவரே ஆணையில் கையெழுத்திட்டார். அரசியல் தகுதி என்ற கேள்விக்கு இப்படித்தான் விடை கிடைத்தது.

2025 ஆகஸ்டில் வாஷிங்டனில் முன்னொப்பமிடப்பட்ட ஆர்மீனிய-அஜர்பைஜான் ஒப்பந்த வரைவு பல வகையில் வரவேற்கத்தக்கது. 1991-இன் அல்மா-அத்தா அறிக்கையின்படியான முன்னாள் சோவியத் குடியரசு எல்லைகளை இரு நாடுகளும் ஏற்பதும், படைபலத்தைத் துறப்பதும் சிறிய ஆதாயங்கள் அல்ல. அதன் பதினேழு கூறுகளில் இடம்பெயர்ந்தோர் திரும்புவது பற்றி எதுவும் இல்லை. அதற்கு மேலாக, நாடுகளுக்கிடையே தொடுத்த வழக்குகளை இரு தரப்பும் கைவிடவும் அது வகை செய்கிறது. கராபாக்குக்குத் திரும்ப விரும்பும் ஆர்மீனியர் பாதுகாப்பாகத் திரும்ப வழிசெய்ய வேண்டும் என்று பன்னாட்டு நீதிமன்றம் 2023 நவம்பர் 17 அன்று அஜர்பைஜானுக்கு இட்ட இடைக்கால ஆணையும் அவ்வாறு கைவிடப்படும் ஒரு வழக்கைச் சார்ந்தது. இரு அரசுகள் தமக்குள் கணக்கைத் தீர்த்துக்கொள்ளும்போது, அக்கணக்கில் பொருளாக இருந்தவர்களின் உரிமையையும் சேர்த்து எழுதித்தர அவற்றுக்கு அதிகாரம் உண்டா என்பதை நடுவர்கள் எவரும் உரக்கக் கேட்டதாகத் தெரியவில்லை.

தெற்கு ஒசேத்தியாவைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 1990 டிசம்பரில் ஜார்ஜிய உச்ச மன்றம் அதன் தன்னாட்சியை ரத்து செய்தது, போர் மூண்டது, 1992 ஜூனில் சோச்சி உடன்படிக்கை கூட்டு அமைதிப்படையை நிறுவியது. ஆனால் அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளில் ஜார்ஜிய ஊர்களும் ஒசேத்திய ஊர்களும் ஒரே பள்ளத்தாக்கில் அடுத்தடுத்துக் கிடந்தன, பேருந்துகள் ஓடின, தலைநகர் ஸ்கின்வாலிக்கு அருகிலுள்ள எர்க்னேதி ஊரில் ஒரு பெருஞ்சந்தை கூடியது. ரஷ்யப் பெட்ரோலும் மாவும் சிகரெட்டும் சுங்கவரியின்றிக் கைமாறிய அச்சந்தை, திபிலிசியின் கருவூலத்துக்கு நிச்சயமாக இழப்பு. அதைச் சட்டத்துக்கு உட்பட்டதாக எவராலும் சொல்ல இயலாது. எனினும் ஜார்ஜியரும் ஒசேத்தியரும் நாள்தோறும் ஒருவரையொருவர் நம்பிக் கடன் கொடுத்த இடம் அது. 2004-இல் ஜார்ஜிய அதிபர் மிகேயில் சாக்காஷ்விலியின் அரசு கடத்தலை ஒழிப்பதாகக் கூறி அதை மூடியது. அவ்வாண்டு ஆகஸ்டிலேயே துப்பாக்கிச் சூடு மீண்டும் தொடங்கியது. 2008 ஆகஸ்ட் ரஷ்ய-ஜார்ஜியப் போருக்குப் பின் கெக்வி, குர்த்தா, அச்சபேத்தி, தமரஷேனி போன்ற ஜார்ஜிய ஊர்கள் எரிக்கப்பட்டு இடிக்கப்பட்டன. ஐரோப்பிய ஒன்றியம் அமர்த்திய ஹைதி தக்லியாவினியின் விசாரணைக் குழு, ஸ்கின்வாலி மீது ஆகஸ்ட் 7-8 இரவில் ஜார்ஜியா தொடங்கிய தாக்குதலையும், ரஷ்யாவின் எதிர்வினை நியாயமான தற்காப்பின் எல்லையை மீறியதையும் சமமான நேர்மையோடு பதிவு செய்தது. 2008 ஆகஸ்ட் 26 அன்று ரஷ்யா இரு பகுதிகளையும் தனி நாடுகளாக ஏற்றது. பிறகு நிகரகுவா, வெனிசுவேலா, நவுரு, சிரியா என மிகச் சிலவே பின்தொடர்ந்தன. துவாலு ஏற்பளித்துவிட்டுப் பின்னர் திரும்பப் பெற்றது. பசிபிக் தீவு நாடுகளின் ஏற்புக்காக இவ்வளவு முனைந்தவர்கள், பக்கத்து ஊர்க்காரரின் ஏற்பைத் தேடாமற்போனது வரலாற்றின் வேடிக்கைகளுள் ஒன்று.

அரசியல் தகுதி தீராமலேயே நடைமுறை வாழ்வு நடக்கக்கூடும் என்பதற்கு இங்குரி நீர்மின் நிலையத்தைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. 271.5 மீட்டர் உயரமுள்ள அதன் வளைவு அணை ஜார்ஜியாவின் கட்டுப்பாட்டிலுள்ள மலைப்பகுதியில் நிற்கிறது. அணைநீர் ஏறத்தாழ 15 கிலோமீட்டர் சுரங்கவழியே சென்று சுழலிகளைச் சுற்றும் இடமோ அப்காசியாவின் கலி மாவட்டத்தில் இருக்கிறது. ஒரு தரப்பு நீரை அடைத்தால் மற்றதற்கு மின்சாரம் இல்லை. மற்றது சுழலிகளை நிறுத்தினால் முதல் தரப்புக்கும் இல்லை. 1992-93 போருக்குப் பின் மின்சாரத்தை அறுபதுக்கு நாற்பது என்ற விகிதத்தில் பகிரும் ஏற்பாடு நிலவிவந்தது. 2008 போரிலும் அது குலையவில்லை. அப்காசியாவில் மின்நாணயம் உருவாக்கும் கணினிக் கூடங்கள் பெருகிய பின் நாற்பது என்பது குளிர்காலங்களில் நூறை நெருங்கியது. ஜார்ஜியா முணுமுணுத்ததே தவிர மதகை மூடவில்லை. ஒருவரையொருவர் ஆக்கிரமிப்பாளர் என்றும் கொடுங்கோலர் என்றும் அழைக்கும் இரு நிர்வாகங்களின் பொறியாளர்கள் தொலைபேசியில் நாள்தோறும் பேசுகின்றனர். நிலம் யாருடையது என்ற கேள்வியை அவர்கள் தீர்க்கவில்லை. தம் வேலைக்கு அது தேவைப்படவில்லை என்பதை மட்டும் கண்டுகொண்டனர்.

இவ்வாதத்துக்கு நடுவர்கள் கூறக்கூடிய மறுமொழி வலுவானது. அதைத் தட்டிக்கழிக்க இயலாது. மின்சாரம் வேறு, மனிதர் வேறு என்பர். பாதுகாப்பை யார் தருவர் என்று தெரியாமல் மக்களைத் திருப்பியனுப்புவது அவர்களைப் பணயமாக்குவதாகும். பாதுகாப்பு தருவது அரசின் கடமை. எந்த அரசு என்பதே அரசியல் தகுதிக் கேள்வி. ஆகவே அதுவே முதலில் வர வேண்டும் என்பர். 1998 மே மாதத்தில் கலி மாவட்டத்தில் மூண்ட மோதலில், திரும்பிவந்த ஜார்ஜியரின் வீடுகள் எரிக்கப்பட்டு அவர்கள் இரண்டாம் முறை ஓடியதைச் சான்றாகவும் காட்டுவர். இம்மறுமொழியில் உண்மை உண்டு. ஆனால் அதன்படி நடந்த முப்பது ஆண்டுகளின் பயன் என்ன என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும். ஐ.நா. தூதர் தீத்தர் போதன் திபிலிசிக்கும் சுகுமிக்கும் இடையிலான அதிகாரப் பகிர்வு பற்றித் தயாரித்த ஆவணத்தை அப்காசியத் தரப்பு கையில் வாங்கவும் மறுத்தது. அதன் தலைப்பைப் பார்த்தவுடனே அவர்களுக்குத் தெரிந்துவிட்டது, அடுத்த பக்கத்தில் இரண்டு லட்சம் வாக்காளர்கள் காத்திருக்கின்றனர் என்று. தகுதியை முதலில் பேசுவது திரும்புதலைப் பாதுகாப்பதற்காக என்று சொல்லப்படுகிறது. நடைமுறையில் அது திரும்புதலை என்றென்றைக்கும் அடைத்துவைக்கும் பூட்டாகவே பயன்பட்டது.

எனவே நடுவர்கள் முதலில் பிரித்துவைக்க வேண்டியது குடியிருப்பையும் வாக்கையும். திரும்பும் ஒருவர் தன் வீட்டையும் நிலத்தையும், பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வியையும், ஆற்றைக் கடந்து சந்தைக்கும் மருத்துவமனைக்கும் சென்றுவரும் உரிமையையும் பெறுவது, அவ்விடத்தின் அரசியல் தகுதியை மாற்றும் வாக்காகத் தானே மாறாது என்று முன்கூட்டியே எழுதிவைக்கப்பட்டால், அப்காசியரின் நியாயமான அச்சத்துக்கு அது நேரடி விடையாகும். இது முழு நீதி அன்று. வாக்கில்லாக் குடியுரிமை நெடுங்காலம் நீடித்தால் அதுவே புதிய அநீதி. அதனால்தான் 1991-இன் 28-26-11 போன்ற, எண்ணிக்கையைச் சாராத பங்கீடு அடுத்த கட்டத்துக்குத் தேவைப்படுகிறது. அன்றைய பிழை பங்கீட்டில் இல்லை; முட்டுக்கட்டை விழும்போது தீர்ப்புச் சொல்ல எவரும் இல்லாமையில் இருந்தது. அந்த இடத்தை ஒரு நடுநிலை நீதிமன்றம் நிரப்பியிருந்தால் பதினோரு பேரை இழுக்கும் போட்டிக்கு வேலையிருந்திராது.

ஜெனீவாப் பேச்சு இதற்கு முற்றிலும் பொருந்தாத இடமன்று. 2008 அக்டோபரில் தொடங்கிய அப்பேச்சில் அனைவரும் கொடியும் பெயர்ப்பலகையும் இன்றித் தனிநபர்களாகவே பங்கேற்கின்றனர். தகுதிக் கேள்வியை வாசலிலேயே நிறுத்திவைக்கும் ஒரு நல்ல வழக்கம் அது. ஆயினும் அதன் இரண்டாம் பணிக்குழுவில் இடம்பெயர்ந்தோர் திரும்புதல் என்ற பொருள் எடுக்கப்பட்டவுடன், ஐ.நா. பொதுச்சபையில் ஜார்ஜியா ஆண்டுதோறும் கொண்டுவரும் தீர்மானத்தைக் காரணம் காட்டி, ரஷ்ய, அப்காசிய, ஒசேத்தியப் பங்கேற்பாளர்கள் எழுந்துசெல்வது வழக்கமாகிவிட்டது. எழுந்துசெல்வதற்குக் காரணமாகாத ஒரு சிறு வேலையோடு அப்பணிக்குழு தொடங்கலாம்: வீட்டுரிமைப் பதிவேடு. போஸ்னியாவில் டேட்டன் ஒப்பந்தத்தின் ஏழாம் இணைப்பின்படி அமைந்த ஆணையம் லட்சக்கணக்கான வீட்டுரிமைக் கோரிக்கைகளை ஆராய்ந்து முடித்தது. வட சைப்ரசில் துருக்கி தவிர வேறெந்த நாடும் ஏற்காத ஒரு நிர்வாகத்தின் சொத்து ஆணையத்தை, அந்நிர்வாகத்தை அரசாக ஏற்காமலேயே, ஸ்ட்ராஸ்பர்க் நீதிமன்றம் 2010-இல் பயனுள்ள தீர்வழியாக ஏற்றுக்கொண்டது. சுகுமி, கலி, ஸ்கின்வாலி, ஸ்டெபனாகெர்ட், கராபாக்கின் மற்றொரு நகரான சூஷா, பாக்கு, சும்கயித், மற்றும் ஆர்மீனியாவில் அஜர்பைஜானியர் வாழ்ந்த ஊர்கள் ஆகிய அனைத்துக்கும் ஒரே அளவுகோலில், எந்த வீட்டில் யார் வாழ்ந்தனர், எந்த ஆவணத்தின்படி, எந்த ஆண்டுவரை என்பதைப் பதிவு செய்யும் அலுவலகம் ஒன்றை ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் கீழ் நிறுவுவதற்கு எவரும் எவரையும் அரசாக ஏற்க வேண்டியதில்லை. 1988-இலும் 1993-இலும் வீட்டுச் சாவியோடு வெளியேறியவர்களில் அன்று நாற்பது வயதைத் தாண்டியிருந்தோர் இப்போது எழுபதைக் கடந்துவிட்டனர். வாய்மொழிச் சான்று தேவைப்படும் இப்பதிவை அவர்கள் உள்ளபோதே எடுக்க வேண்டும். ஜெனீவாவின் அடுத்த சுற்றுக்கான நிகழ்ச்சிநிரலில், இரண்டாம் பணிக்குழுவின் முதற்பொருளாக, இதைச் சேர்க்குமாறு இம்மடல் கேட்டுக்கொள்கிறது.